குரல் இல்லாத பாட்டு டீச்சர்

சாம்ஃப்யா,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் லுபுட்டோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சாப்பிட்டு, தூங்கி, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து நீ எப்போது போன் பண்ணினாலும் அப்பாதான் எடுக்கிறார், அம்மா மரவள்ளிக் கொல்லைக்குப் போயிருக்கா, கோயிலுக்குப் போயிருக்கா, குளிக்கிறா என்று தடவைக்கு ஒரு கதை சொல்கிறார். போன வாரம் நீ அவரிடம், என்னப்பா அம்மா ஏரிக்குள்ளயே குடியிருக்காளா, எப்பக் கேட்டாலும் குளிக்கிறாளே, என்மேல என்ன கோபம்னு நேராச் சொல்லச் சொல்லுங்க என்று கத்தினாயாம். மனுஷர் போனை வைத்துவிட்டு வந்து, இனிமே பொய் சொல்ல என்கிட்ட சரக்கு இல்ல, நீயே எழுதிடு என்று சொல்லிவிட்டார். மெசேஜில் இரண்டு வரி அடித்துவிட்டு விடுகிற சங்கதி இல்லை இது. சிஸ்டர் எவரிஸ்டாவின் அண்ணன் மகள் டப்ளினுக்குப் படிக்க வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாமல் படி, இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்.

என் கழுத்துக் கட்டி உனக்குத் தெரியும், விமானம் ஏறுகிற அன்றைக்குக்கூட அதைத் தொட்டுப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். டிசம்பர் விடுமுறையில் எண்டோலா பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னோமே, அப்போதுதான். நீ நர்ஸ், சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாய், கேட்டு முடித்த கையோடு கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வந்து கட்டில் பக்கத்தில் நின்றிருப்பாய். புது வேலை, அதைக் கெடுக்க வேண்டாம் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது, அதற்கு ஆண்டவருக்கு நன்றி. ஆனால் குரல் போய்விட்டது மகளே. குரல் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கு, எடுக்கும்போது என்ன ஆகும்னு சொல்ல முடியாது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், அவர்மேல் குற்றம் இல்லை. மயக்கம் தெளிந்து அப்பாவைக் கூப்பிட்டேன், சைக்கிள் டியூபில் இருந்து வருகிற மாதிரி வெறும் காற்றுதான் வந்தது. தண்ணி வேணுமா என்று கேட்டுக்கொண்டே அவர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் சிஸ்டர் எவரிஸ்டா என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, லுபுட்டோ அம்மா, கொஞ்ச காலம் நூலகத்தைப் பாத்துக்குங்களேன், பாட்டு வகுப்பக் கட்டோங்கோ எடுக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். கட்டோங்கோ போன வருஷம் கணக்கு டீச்சராக வந்த பையன், கல்லூரியில் இசையும் படித்தவன், எலக்ட்ரிக் பியானோ ஒன்றை எப்போதும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அலைவான். சிஸ்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது, திட்டியிருந்தால் திரும்பத் திட்டலாம், அன்பாகப் பேசுகிறவரை என்ன செய்வது. உன்னைச் சுமந்திருந்தபோதுகூட அந்த வகுப்பை நான் விட்டதில்லை. சிலேட்டை எடுத்து, பெந்தெகொஸ்தே திருநாளுக்குப் பிஷப் வருகிறார் இல்லையா, அந்தப் பூசைக்குப் பிள்ளைகளை நான் தயார் பண்ணுகிறேன், சரிவரவில்லையென்றால் நானே நூலகச் சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை ரெண்டு தரம் படித்துவிட்டு, பிஷப் முன்னாடி பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு நின்னா மானம் எனக்குப் போகும், உங்களுக்கு இல்ல என்றார். ஆனாலும் சரி என்றுதான் சொன்னார்.

முதல் வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உள்ளே போய், காலை வணக்கம் பிள்ளைகளே என்று காற்றாகச் சொன்னேன். எல்லோரும் ஒரே மாதிரி காற்றாக, காலை வணக்கம் டீச்சர் என்றார்கள். கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்துப் பிரம்பைத் தேடினேன், அப்புறம் அந்த முகங்களைப் பார்த்தால் ஒன்றிலும் குறும்பு இல்லை, டீச்சர் ரகசியமாகப் பேசினால் நாமும் ரகசியமாகத்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பு முழுக்கக் கிசுகிசு. பக்கத்து அறையில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த கட்டோங்கோ இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, யாருக்காவது என்னவோ ஆகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சத்தமாகப் பேசுங்கள் என்று பலகையில் எழுதிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள். ஆனால் பாட்டு நகரவில்லை. நம்ம பெம்பா மொழிப் பாட்டு எப்படி என்று உனக்குத் தெரியுமே, ஒருத்தர் முதலடியை எடுத்துக் கொடுத்தால்தானே மற்றவர்கள் சேர்ந்துகொள்ள முடியும், இத்தனை வருஷமும் எடுத்துக் கொடுத்தது நான். இப்போது நான் கையை உயர்த்துகிறேன், அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரிய வகுப்புப் பெண் ஃபெலிஸ்டஸை நிறுத்திப் பார்த்தேன், குரல் தேன்தான், ஆனால் தனியாக நின்றால் தரையைப் பார்த்துப் பாடுகிறாள், முதல் வரிசைக்கே கேட்கவில்லை. தவக்காலம் முழுக்கப் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து மரவள்ளியை இடிக்கிற இடியில் உரல் உடைந்துவிடும் என்று அப்பா பயந்துபோய் அடுப்பு வேலையைத் தானே எடுத்துக்கொண்டார், கிண்டின களியெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு சனிக்கிழமை மீன் வாங்கத் துறைக்குப் போனேன். படகுகள் வந்து கூட்டம் நெரிகிறது, அந்த இரைச்சலை எல்லாம் அறுத்துக்கொண்டு ஒரு சின்னக் குரல், பங்க்வேலு ஏரி மீனு, கண்ணு முழிச்ச மீனு, இப்பதான் அம்மாவ விட்டு வந்த மீனு என்று கூவுகிறது. கரகரப்பான குரல், ஆனால் கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. போய்ப் பார்த்தால் நம்ம நாலாம் வகுப்பு முபாங்கா. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காத பிள்ளை. அவள் அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு இவளைக் கொடு என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், அந்தச் சந்தையில் என் காற்று யார் காதில் விழும். என்ன டீச்சரம்மா, எத்தன கூறு வேணும் என்கிறாள் அவள். சிலேட்டில் எழுதினால் அவளுக்குப் படிக்க வராது. கடைசியில் முபாங்காவின் காதில் நான் சொல்ல, அவள் அந்த மீன் விற்கிற குரலிலேயே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா, எனக்கு நல்ல குரலாம், டீச்சர் சொல்றாங்க. பிஷப் முன்னாடி நான் பாடணுமாம். துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இவ குரல்தான் எனக்குக் கடைப் பலகை, அத உங்க கோயில்ல கொண்டுபோய்த் தேய்ச்சுட்டா என் மீன யாரு கூவி விப்பா, அதுவும் நாங்க உங்க சபை இல்ல, கூடார சபை, பாட வான்னு கூப்பிட்டுத் தலையில தண்ணி ஊத்தி மடக்கிப் போட்டுருவீங்க என்றாள். நான் காதில் சொன்னேன், முபாங்கா கூவினாள், தண்ணியெல்லாம் ஊத்த மாட்டாங்களாம், பாட்டு மட்டும்தானாம், மீன் வித்து முடிஞ்சப்புறம்தான் ஒத்திகையாம். படகுக்காரன் ஒருத்தன், குடுத்து விடு அக்கா, பிஷப்பும் மீன் திங்கிறவர்தானே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள்.

அதற்கப்புறமும் சுலபமாக இல்லை. என் சுருதியில் அந்தப் பாட்டுகள் முபாங்காவுக்கு எட்டவில்லை, மேலே போகும்போது குரல் கிழிந்தது. நான் கட்டோங்கோவோடு பேச்சு வைத்துக்கொள்ளாமலே இருந்தேன், அதுவும் உனக்குத் தெரியட்டும், என் இடத்தைப் பிடிக்க வந்தவன் என்ற கோபம். ஒருநாள் ஒத்திகையில் அவனே அந்தப் பியானோவைக் கொண்டுவந்து வைத்து, டீச்சர், கோவிச்சுக்காதீங்க, ரெண்டு கட்டை இறக்கினா இவளுக்குச் சரியா வரும் என்று வாசித்துக் காட்டினான். முபாங்கா பாடினாள். கீழ்ச்சுருதியில் அந்தக் கரகரப்பே அழகாகிவிட்டது. பையனுக்கு நல்ல காது. நான் அவனுக்கு வேர்க்கடலை வறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவனும் வாங்கிக்கொண்டான். மாதா சபைப் பெண்கள் வேறு, மீன் கூவுற குரல்ல பிஷப்ப வரவேற்கிறதா என்று முணுமுணுத்தார்கள், சிஸ்டர் காதுக்கும் போனது. அவர் ஒத்திகைக்கு வந்து பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

திருநாள் அன்று கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள். பிஷப் வாசலில் நிற்கிறார், மேளக்காரப் பிள்ளைகள் என் கையைப் பார்க்கிறார்கள், நான் முபாங்காவுக்குக் கை காட்டினேன். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அத்தனை கூட்டத்தையும் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டாள். மறுபடி கை காட்டினேன். பிஷப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பழைய நாளாயிருந்தால் நான் பாடித் தூக்கிவிட்டிருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது. என்ன செய்வது என்று தெரியாமல், துறையில் தூரத்தில் நிற்கிற ஆள் விலை கேட்பானே, அப்படிக் காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன, கேக்கலையே என்கிற மாதிரி முகத்தைச் சுளித்தேன். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு எடுத்தாள் பாரு, முதலடி போய்ப் பின்சுவரில் அடித்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலாகச் சேர்ந்தார்கள், மேளம் விழுந்தது, ஜனங்கள் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். என் சத்தம் அதில் இல்லாததால் அன்றைக்குத்தான் பிள்ளைகளின் பாட்டை முழுசாகக் கேட்டேன் லுபுட்டோ, கையை அசைப்பதையே மறந்து நின்றுவிட்டேன், கட்டோங்கோ தலையாட்டித் தாளத்தைப் பார்த்துக்கொண்டான்.

பூசை முடிந்து வெளியே வந்தால், ஜன்னல் ஓரமாகத் தன் சபை வெள்ளை உடுப்போடு முபாங்காவின் அம்மா நிற்கிறாள், உள்ளே கால் வைக்கவில்லையாம், கேட்டது மட்டும்தானாம். டீச்சரம்மா, எங்க சபையிலயும் பாட்டு எடுத்துக் குடுக்க ஆளில்ல, அவள எங்களுக்கும் கொஞ்சம் பழக்கிக் குடுங்க என்று கேட்டாள். சிஸ்டர் எவரிஸ்டா நூலகச் சாவியைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் கால அட்டவணையில் பாட்டு வகுப்புக்கு நேராக எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டார், பிள்ளைகளைப் பழக்குவது என் பாடு, பியானோவும் சுருதியும் அவன் பாடு.

எண்டோலாவில் போன மாதம் திரும்பப் பார்த்தார்கள், ஒரு பக்க நரம்பு அசைய ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இப்போது காலையில் கொஞ்சம் சத்தம் வருகிறது, ஜலதோஷம் பிடித்த ஆம்பிளை மாதிரி. பாட வராது, அநேகமாக இனி வராது, நான் அழுது முடித்தாயிற்று, நீ அழாதே. அடுத்த ஞாயிறு போன் பண்ணு, நானே எடுக்கிறேன். அப்பா என் தொண்டைக்கு உன்னிடம் மருந்து கேட்டால் எதுவும் வாங்கி அனுப்பாதே, அந்தக் காசில் உனக்கு நல்ல பூட்ஸ் வாங்கு. இரவு வேலை முடிந்து வந்து ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சூடாக ஏதாவது சமைத்துச் சாப்பிடு. ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும், நீ தொடுகிற நோயாளிக்கெல்லாம் நல்ல சுகம் கிடைக்கட்டும்.

ஒரு வேலை மட்டும் உனக்கு. அங்கே கோயிலில் நீங்கள் பாடுகிற பாட்டில் ஒன்றைப் பாடிப் பதிவு பண்ணி அனுப்பு, அடுத்த பருவத்தில் பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு வேண்டும், உன் குரலில் கேட்டுத்தான் அவர்கள் பழகப் போகிறார்கள், நான் சொல்லிவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சாக்குச் சொல்லாதே, அந்தச் சாக்கு இந்த வீட்டில் இனிமேல் செல்லாது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
(அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், களி இப்போது கட்டி இல்லாமல் வருகிறது என்று எழுதச் சொன்னார்.)