குண்டு பல்பின் கீழ் மகள்

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. நைனார்பாளையம், அம்மா வீடு. பாப்பாவோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள். ஜன்னல் சாத்தியே கிடக்கிறது, காற்று படக்கூடாதாம். கதகதப்புக்குக் குண்டு பல்பு, பகலிலும். சுவரும் மஞ்சள் டிஸ்டம்பர். வந்த அன்று அறையே மஞ்சளாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை. பழகிவிட்டது.

நாத்தனார் வந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்று என் காதுபடச் சொன்னவர். இன்று பாப்பாவைத் தூக்கி, "இன்னா கலரு! தங்கமாட்டம் இருக்குது. எங்க பக்கத்து நெறம்டி இது!"

எனக்கும் சந்தோஷம்தான். என்னைப்போல் இல்லையே என்று. வெட்கங்கெட்ட சந்தோஷம். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

வாங்க: பஞ்சு, ஃபிளாஸ்க், செந்திலுக்கு ஸ்வெட்டர். கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வேலை, குளிருக்குப் பழைய சட்டை ஒன்று போதுமாம் என் வீட்டுக்காரருக்கு.

நவ. 12, புதன்
மேகம். பாப்பா ஒரே தூக்கம். எழுப்பினால் இரண்டு வாய் பால், மறுபடி தூக்கம். "சமத்து" என்கிறார் நாத்தனார்.

செந்தில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போய் போட்டோ கேட்டார். எடுத்தேன். ரோஜா நிறத்தில் விழுந்தது. அதுதான் உறுத்தியது. ஃபோன் கேமராவில் மனிதத் தோலின் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் சென்னையில் என் வேலை. மஞ்சள் பல்பு, மஞ்சள் சுவர் என்றால் ஃபோன் படம் முழுக்க மஞ்சளைக் கழித்துவிடும். நம் கண்ணும் அதையேதான் செய்கிறது. பாப்பாவிடமிருந்த மஞ்சளையும் சேர்த்துக் கழித்திருந்தால்?

கைப்பையில் நிறம் சரிபார்க்கும் ஆபீஸ் சாம்பல் அட்டை. பாப்பா தோளருகே வைத்து இன்னொரு படம். அட்டை சாம்பலாகத் தெரியும்வரை படத்தின் நிறத்தை மாற்றினேன். அட்டை சரியாகிவிட்டது. பாப்பா மஞ்சளாகவே இருந்தாள்.

வாசலுக்குத் தூக்கி ஓடினேன். "காத்தும்மா! தலைய மூடு!" அம்மா பின்னாலேயே. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துண்டின் மேல், வயிறு வரை மஞ்சள். கண்ணின் வெள்ளையும். காமாலை.

"பொறந்த புள்ளைக்கு வர்றதுதான், தானா பூடும்" என்றார் நாத்தனார். அம்மா அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு.

நவ. 13, வியாழன்
குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவள் அழுகை எனக்குத் தாங்கவில்லை. டாக்டர்: "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. ஏற விட்டிருந்தா மூளைய பாதிக்கும்."

காமாலை இறங்க நீல விளக்கின் கீழ், கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். பால் கொடுக்க மட்டும் கைக்கு வருகிறாள். பக்கத்துத் தொட்டில் குழந்தையும் இவளும் ஒரே நீலம். குறைகிறதா கூடுகிறதா, பார்த்துச் சொல்ல வழியில்லை. வெளியே வந்தால் வராண்டாச் சுவர் கொஞ்ச நேரம் ஆரஞ்சாகத் தெரிகிறது. என் கண்ணை நானே நம்புவதில்லை இப்போது. ரத்தம் என்ன சொல்கிறதோ அதுதான்.

அம்மா இட்லி கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

நவ. 15, சனி
வெயில். ரத்தத்தில் நன்றாகக் குறைந்துவிட்டது. விளக்கை அணைத்துக் கையில் கொடுத்தார்கள். இழுத்து இழுத்துப் பால் குடித்தாள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கருப்பு. நெற்றி, கன்னம், காது, எல்லாம் என் நிறம். மலை பஸ் பிடித்து வந்த செந்தில் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாத்தனார் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இன்னாடி இது, லைட்டு போட்டு புள்ளைய கறுக்க வெச்சிட்டாங்களே!"

"ஆமாங்கக்கா. நல்லா கறுத்துட்டா" என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

"வுடுடி, அழுவாத. வளர வளர வெளுத்துடுவா" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.