டிரம்ஸ் சத்தத்தை அமுக்கியது யார்?

டெஸ்,

அடுப்பில் பட்டாணியும் பேக்கனும் வெந்திருக்கிறது. நம் ஆல்பத்தை மறுபடி வெளியிடப்போகும் ஸ்வீடன்காரர் நாலு மணிக்கு வருவார். அவருக்கும் மிச்சம் வை.

நேற்று போனில் அவரிடம் நீ சொன்னது மாடிவரை கேட்டது. "டிரம்ஸ்தான் சொதப்பிடுச்சுங்க. அப்ப கிளெனிஸுக்குக் கையில பலமே இல்ல."

எனக்கா பலம் இல்லை? டட்லி கிளப்பில் நான் அடித்த அடியில் பார் கண்ணாடியே அதிர்ந்ததே!

உன் பேஸ் கிட்டார் தனி ஆவர்த்தனம் மட்டும் ஏழு நிமிஷம். மற்ற பாட்டுகளோடு அதையும் ரிக்கார்டின் ஒரே பக்கத்தில் திணித்தால் மொத்தச் சத்தத்தையும் குறைக்கத்தான் வேண்டும் என்று, டேப்பிலிருந்து ரிக்கார்டு வெட்டுகிறவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "ஒரு செகண்ட் குறைச்சாலும் நான் பேண்டுல இல்ல" என்று குதித்தாய். ரிக்கார்டு முனகியது. "உயிரில்லாத ஹார்ட் ராக்" என்று பத்திரிகைக்காரன் எழுதினான். நாற்பது வருஷமாகப் பழி என் தலையில்.

ஒரிஜினல் டேப் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது; அதில் என் அடி குறையாமல் அப்படியே இருக்கும். அவர் மெஷின் கொண்டுவருகிறார். போட்டுக் கேட்டுவிட்டு, அவரிடம் உண்மையைச் சொல். இல்லையென்றால் நாளையிலிருந்து நீயே சமைத்துக்கொள்.

கிளெனிஸ்

பி.கு: அந்த ஏழு நிமிஷத்தை எடுத்துவிடலாமா என்று கேட்பார். விடாதே. அதைக் கேட்டுத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன்.