ஆன்சியின் வெளிமாடி

என் ரெஜினாவுக்கு,

உன் மகள் நடக்கிறாள் என்று தொடங்கத்தான் நினைத்தேன். அது பழைய செய்தியாகிவிட்டது. இப்போது ஓடுகிறாள். வீட்டில் இருக்கும் இரண்டு அறையும் அவளுக்குப் போதவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அடுக்களைக்கு வெளியே இருக்கும் நம் வெளிமாடியைச் சுற்றி அடைத்துவிட்டேன். நீ கோபப்படுவாயோ என்றுதான் முதலில் தயங்கினேன். நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்.

உனக்கு அந்த இடம் எவ்வளவு பிடிக்கும்! நாலு பாய் விரித்தால் நிறைந்துவிடும். ஒரு துவைகல், ஒரு தண்ணீர் டிரம், முழங்காலுக்குச் சற்று மேலே வரும் கைப்பிடிச் சுவர், ஒரு மூலையில் கீழே இறங்கும் படிக்கட்டு. வீடு பார்க்க வந்த அன்று நீ அறைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேரே அங்கே போய் நின்றாய். துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகின்றன என்றாய். அதோடு வீடு முடிவாகிவிட்டது. பிறகு நான் கன்டெய்னர் யார்டில் வேலையாக இருக்கும் நேரமெல்லாம், ஆன்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கிரேன்களைப் பார்த்துக் கை காட்டுவாயாம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்காதான் பின்னால் சொன்னார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் போன பிறகு, துணி காயப் போட மட்டும்தான் நான் அங்கே போனேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. முன்னறைக்குப் போய் எடுத்துவிட்டுத் திரும்புகிறேன், அடுக்களைக் கதவு திறந்து கிடக்கிறது. கடல்காற்றில் ஆடி ஆடிக் கொண்டி கழன்றிருக்கிறது. ஆன்சி வெளியே, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் நின்று, சுவரில் வயிற்றை வைத்துக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே தெருவிலிருந்து வீட்டுக்கார அக்காவின் குரல் கேட்டது. "ஏளா ஆன்சி, அங்கனயே நில்லு. அத்தை பாட்டு பாடுதேன், கேக்கியா?"

பாட்டு நடுங்கியது. நான் சத்தமில்லாமல் போய்ச் சட்டையோடு சேர்த்துப் பிள்ளையை அள்ளினேன். எட்டிப் பார்த்தால், அக்கா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறார். பாட்டை நிறுத்தாமலே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஆன்சி அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தட்டத் தொடங்கினாள். 'தொற, தொற' என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். 'அப்பா'வுக்கு அடுத்து அவள் கற்ற சொல் அதுதான், ரெஜினா. நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்.

செய்தி மணப்பாட்டுக்குப் போய்விட்டது. அங்கே இருக்கும் உன் அக்கா செலின் மதினி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி. ஸ்கூல்ல சேக்கிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். வேலைக்கும் போய்க்கிட்டு, மாடி வீட்ல வச்சு எப்படிப் பாப்பிய?"

"நான் பகல் ஷிப்டுக்கு மாறிட்டேன் மதினி. பகல்ல கீழ்வீட்டு அக்கா பாத்துக்கிடுதாவ."

"அன்னைக்கும் அந்த அக்கா இருக்கத்தான செஞ்சாவ? எங்க ஊர்ல மணல்ல விழுந்தா என்ன ஆயிரும்?"

"மணலத் தாண்டிக் கடல் இருக்கே மதினி."

அவர் ஆன்சியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். உன்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். கடைசியில், "சரி, ஒரு வாரம் இங்கன இருக்கேன். பிள்ளைய வெளிய விட்டு வளக்க முடியும்னு காட்டுங்க. முடியலன்னா கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார்.

சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட விடாத வீட்டுக்கார அக்காவிடம் போய் நின்றேன். "எங்கன வேணும்னாலும் துளை போடுங்க தம்பி. அன்னைக்கு நான் நின்ன நெலம எனக்கு இன்னொரு தடவ வேண்டாம்" என்றார்.

வெல்டிங் பட்டறைக்காரர் வந்து அளந்தார். இந்த உப்புக் காற்றுக்குச் சாதா இரும்பு தாங்காது, துரு பிள்ளையின் கையைக் கிழிக்கும் என்று எவர்சில்வர் குழாயில் செய்து கொண்டுவந்தார். சுவரின் மேல் கிடைமட்டமாக நாலு குழாய். வெயிலில் பளபளவென்று மின்னியது. கதவைத் திறந்துவிட்டோம். ஆன்சி ஓடிப்போய், இழுத்து வந்த வாளியில் ஏறி, முதல் குழாயில் ஒரு காலை வைத்தாள். அடுத்ததில் மறு காலை வைத்தாள். மூன்றாவதுக்குப் போகும்முன் மதினி பிடித்துவிட்டார்.

"வேலி கேட்டா ஏணி செஞ்சு வச்சிருக்கிய!"

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "எம் வீட்லயும் இப்படித்தான் போட்டு வச்சிருக்கேன் அண்ணாச்சி. எம் பிள்ளைக்கு இன்னும் நடக்க வரல." முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஓடினார். நமக்குப் புது வேலி இரண்டு நாள் கழித்து வந்தது. இந்தத் தடவை எல்லாம் செங்குத்துக் கம்பிகள், தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்துக்கு. இடைவெளியில் தலை நுழையுமா என்று பார்க்க மதினி ஒரு தேங்காயை எடுத்து வந்து ஒவ்வொரு சந்திலும் வைத்து அழுத்தினார். எதிலும் நுழையவில்லை. படிக்கட்டின் தலையில் ஒரு சின்னக் கதவு. கொண்டி அதன் வெளிப்பக்கம் இருக்கிறது.

முடிந்தது என்று நினைத்தேன். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் போட்டார். ஆன்சியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, தவழ்ந்தே வெளிமாடியைச் சுற்றினார். உன் மகள் அதை விளையாட்டு என்று நினைத்து முதுகில் ஏறிக்கொண்டாள்.

"துவைகல்ல எடுத்திருங்க, இதுல ஏறினா கம்பிய எட்டிருவா. மழத்தண்ணி போற ஓட்டைல கைய விடுவா, ஒரு வலை அடிங்க. டிரம்முக்கு மூடி எங்க? தரை சுடுது தம்பி, மேல பச்சைத் துணி கட்டணும்."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பின்னால் போனேன். துறைமுகப் பக்கத்துக் கம்பிகளுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். இன்னும் என்ன குறையோ என்று குனிந்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"ரெஜினாவும் இப்படித்தான் எம் முதுகுல ஏறிக்கிடுவா" என்றார். ஆன்சியை இறக்கிவிடவில்லை. "ஆபத்துன்னு மட்டும் நான் வரல தம்பி. எங்க வீட்ல அவரு கப்பல் வேலைக்குப் போயிட்டாரு. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. இவ மொகத்தப் பாத்தா அவளப் பாத்த மாரி இருக்கு."

நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப நீங்க இங்கன வாங்க மதினி. வாராவாரம் வாங்க. முன்னறைய ஒதுக்கித் தாரேன்" என்றேன்.

"நான் வந்தா சமையல நான்தான் பாப்பேன். ஒங்க கொழம்பு வாயில வைக்க முடியல" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

இப்போது வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறார். ஆன்சி அவரைப் 'பெயம்மா' என்கிறாள். நான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன்.

இன்று காலை வெளிமாடியில் உட்கார்ந்து டீ குடித்தேன். நீ போனபிறகு இதுதான் முதல் தடவை. ஆன்சி ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதில் உட்கார்ந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் வந்த காக்காவுக்குப் பாதி பிஸ்கட்டை நீட்டினாள். அது வாங்கவில்லை. இவளே தின்றுவிட்டாள். நான் எழுந்து ஓடாமல் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் புரியும், எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், ரெஜினா. என் பயத்துக்காக இனி அவளைப் பூட்டி வைக்கமாட்டேன். இன்னும் சில வருஷத்தில் அவள் கை அந்தப் படிக்கட்டுக் கதவைத் தாண்டிக் கொண்டிக்கு எட்டும். அன்றைக்கு அந்தக் கதவை நானே கழற்றுவேன். "மெல்ல எறங்கு" என்று மட்டும் சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
ஆன்சியின் அப்பா,
சேவியர்