வாரத்துக்கு ஒரு புள்ளி

திங்கட்கிழமை, அலுவலகத்திலிருந்து.

என் அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீ மலைமேல் எப்படி இருக்கிறாய் என்று விசாரித்து நிதானமாக எழுத ஆசைதான். ஆனால் குதிரைக்காரர் அரிசி மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார். மண்சரிவில் தொலைத்தொடர்புக் கோபுரம் சாய்ந்த பிறகு உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது அவரும் அவருடைய குதிரையும்தான். வேடிக்கையைப் பார். கரடியின் செய்தி அதன் கழுத்துப் பட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வருகிறது, என் மனைவியின் செய்தி குதிரைமேல் வருகிறது.

இங்கே பனி பெய்ய வேண்டிய நேரத்தில் மழை பெய்கிறது. அலுவலக முற்றத்து மரம் மொட்டு விட்டிருக்கிறது. எல்லோரும் அதைப் படம் எடுத்து அனுப்பிக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாப்பா ஸ்வெட்டர் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, எனக்கே சட்டைக்குள் வியர்க்கிறது.

இன்று காலைதான் கூட்டம் நடந்தது. வழக்கம்போல வனத்துறை ஒரு மூலை, மேய்ச்சல் துறை ஒரு மூலை, மலைக்கு அந்தப் பக்கத்து ஆய்வு நிலையம் திரையில், நடுவில் முழித்துக்கொண்டு நான். வெயில் ஏறிவிட்டதால் காட்டு ஆடுகள் மேலே போய்விட்டன. புல்லைத் தேடி மந்தைகளும் பின்னாலேயே ஏறிவிட்டன. இரண்டும் மோதிக்கொள்ளாமல் போக வழி விட்டு வேலியை எங்கே திறப்பது என்பதில் ஒருவழியாக உடன்பாடு வந்தது. நீ கேட்ட இடத்திலேயே திறக்கிறார்கள். சந்தோஷப்படு.

அடுத்தது உன் பெரியம்மா விஷயம். பெண் கரடிக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தாலும் வைத்தீர்கள், பாப்பா பள்ளிக்கூடத்தில் எங்கள் பெரியம்மா குகையில் தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அது கிடக்கட்டும். வரைபடத்தில் பெரியம்மாவின் வாரப் புள்ளி பல வாரமாகக் குகையிலேயே நிற்பதால், நீயும் உன்னோடு இருக்கும் விலங்கு மருத்துவரும் உள்ளே போய்க் கழுத்துப் பட்டையை மாற்றலாம் என்று மூன்று அலுவலகத்தாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மேய்ச்சல் அதிகாரி மட்டும் முணுமுணுத்தார். ஆடுகளுக்கு உப்பு வைக்கும் கொட்டகையைச் சுற்றிப் பெரிய காலடிகள் இருப்பதாக ஆட்டுக்காரர்கள் சொன்னார்களாம். வேறு கரடியாக இருக்கும் என்று நான்தான் அவரை அடக்கினேன். அவரும் "என்னமோ, உங்க புள்ளி சொன்னா சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. எதற்கும் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி வரைபடம் போடும் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். உன் புள்ளியைச் சந்தேகப்பட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அன்புக்குரிய,
மூவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்.


புதன்கிழமை, அவசரம்.

அன்பானவளுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. குகைக்குள் போகாதே. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, பையைக் கீழே வைத்துவிட்டு, மீதியைப் படி.

வரைபடப் பெண் இன்று காலை அந்தப் பக்கத்து நிலையத்திலிருந்து பெரியம்மா நின்ற எல்லா இடங்களையும் தனித்தனியாக வாங்கிப் படத்தில் போட்டாள். போட்டுவிட்டு என்னைக் கூப்பிடவில்லை. எழுந்து வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் போய்ப் பார்த்தேன். குகையைச் சுற்றி எல்லாப் பக்கமும் புள்ளிகள். உப்புக் கொட்டகை, ஓடைக்கரை, பழைய மேய்ச்சல் பாதை, உங்கள் குடிசைக்குப் பின்புறச் சரிவு. குகையில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

உனக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தினசரிப் புள்ளியை வைத்துக்கொண்டு மூன்று அலுவலகமும் அடித்துக்கொண்ட காலத்தில், வாரம் முழுக்கக் கரடி நின்ற இடங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து ஒரே புள்ளி வைப்போம், எல்லோரும் அதற்குக் கட்டுப்படுவோம் என்று மேசையைத் தட்டிச் சொன்னவள் நீ. நல்ல யோசனைதான். அதனால்தான் நாங்கள் ஒரே அறையில் உட்காரவே ஆரம்பித்தோம். கரடி ஒரு பள்ளத்தாக்கை விட்டு இன்னொன்றுக்குப் போகும் பருவத்தில் அது சரியாகவே வேலை செய்தது. ஆனால் இந்த வருஷம் குளிரே இல்லை, அவள் படுக்கவே இல்லை. குகையைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். சுற்றி வருகிறவளுக்குச் சராசரி எடுத்தால் நடுவில்தானே வந்து நிற்கும்? இல்லாத இடத்தில் அவளைப் படுக்க வைத்துவிட்டு நாம் எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

என்னை உலுக்குவது மயக்க மருந்துக் கணக்கு. தூங்குகிற கரடிக்குப் பாதி அளவு போதும் என்று மருத்துவர் பாதி அளவுதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். விழித்திருக்கும் கரடிக்கு அது கொசுக்கடி மாதிரி. அந்தக் குகையில் ஒருவர் தவழ்ந்துதான் நுழைய முடியும் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நீ உள்ளே இருக்கும்போது அவள் வெளியிலிருந்து வந்தால்? ஆட்டுக்காரர்கள் பார்த்த காலடிகளுக்குப் பக்கத்தில் சின்னக் காலடிகளும் இருந்தனவாம், குட்டியும் கூடவே திரிகிறது. அந்தக் கூட்டத்தில் அதைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

குதிரைக்காரர் இன்னும் திரும்பவில்லை. மீட்புப் படைக்குப் போன் செய்தேன், மழை விடட்டும் என்கிறார்கள். யார் கொண்டுபோவார்கள் என்று நான் தவித்துக்கொண்டு நின்றபோது மேய்ச்சல் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பூட்ஸ் மாட்ட ஆரம்பித்தார். ஆமாம், அவரேதான். கூட்டத்துக்குக் கூட்டம் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அந்தம்மா இல்லாட்டி நான் யார்கூட சண்டை போடுறது, கொடுங்க சார்" என்று கையை நீட்டினார். அவருக்கு மூட்டுவலி என்பது உனக்குத் தெரியும். அவரிடம் இனிமேலாவது கொஞ்சம் தணிந்து பேசு.

குடிசையில் கதவைத் தாழிட்டு இருங்கள். பட்டை போனால் போகட்டும், புள்ளி போனால் போகட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்.


வெள்ளிக்கிழமை.

கண்ணம்மா,

புதன்கிழமைக் கடிதம் உனக்கு வந்து சேரவில்லை. ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேய்ச்சல் அதிகாரி ஒரு பகல் முழுக்கக் கரையில் அலைந்து பார்த்துவிட்டு, தொப்பலாக நனைந்து, கடிதத்தைச் சட்டைக்குள் வைத்தபடியே திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார். அதையும் இதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். எழுதியதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. குதிரைக்காரர் நேற்று இறங்கி வந்துவிட்டார். சுற்றுப்பாதையில் மறுபடியும் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமைக் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்தாராம். நீ சிரித்துக்கொண்டே படித்ததாகவும், விடியலில் குகைக்குக் கிளம்பப் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அதில் நான் என்ன எழுதியிருந்தேன்? சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு என்று.

இப்போது அலுவலகத்தில் யாரும் சராசரி எடுப்பதில்லை. பெரியம்மா நின்ற இடம் ஒவ்வொன்றும் வந்த உடனே திரையில் விழுகிறது. வனத்துறைக்காரரும் மேய்ச்சல்காரரும் ஒரே திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. இப்படி ஓர் ஒற்றுமையை நான் வேண்டியதே இல்லை. கரடி எங்கே இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

நேற்று மதியம் புள்ளி குகைக்குள் போனது. அதற்குப் பிறகு அசையவில்லை. வரைபடப் பெண் முகம் மலர்ந்து, "தூங்கிட்டா போல சார், ஒருவழியா தூங்கிட்டா" என்றாள். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நானும் தலையாட்டினேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் மற்றதெல்லாம் தோன்றியது. அவள் தூங்கியிருக்கலாம். அல்லது நீ பட்டையைக் கழற்றியிருக்கலாம், கழற்றிய பட்டை குகையிலேயே கிடக்கலாம். ஆனால் ஒரு திருகாணியைக்கூட மலையில் விட்டுவிட்டு வருகிறவள் இல்லையே நீ. பட்டையைக் கழற்றியிருந்தால் அது இந்நேரம் உன்னோடு குடிசைக்கு வந்திருக்கும், புள்ளியும் கூடவே வந்திருக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது, புதன்கிழமைக் கடிதத்தில் நான் பயந்தது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பயமாக இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் சொன்னதில்லை, ஏதாவது கேலி பேசிச் சமாளித்துவிடுவேன். இன்று ஒரு கேலியும் வாயில் வரவில்லை. பாப்பாவிடம் அம்மா வேலையாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். என் குரலில் எதையோ கண்டுபிடித்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் தானாகவே ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சமர்த்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

குதிரைக்காரர் புறப்படுகிறார். அவர் குடிசைக் கதவைத் தட்டும்போது நீ திறக்க வேண்டும். இதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரி. மருத்துவருக்கும் உரக்கப் படித்துக் காட்டு. நாங்கள் குகைப் பக்கமே போகவில்லை, மழையில் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தோம் என்று எழுது. கீழே வந்து, மூன்று அலுவலகமும் கூடியிருக்கும்போது, என் புருஷனைப் போலப் பயந்தாங்கொள்ளி உலகத்திலேயே கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொல். நான் எழுந்து நின்று ஆமாம் என்பேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. நீ நல்லா இருப்பே, இறங்கி வந்துவிடு.

உன் வழியையே பார்த்துக்கொண்டு,
நானும் பாப்பாவும்.