சேது அண்ணா விட்ட கோல்

அன்புள்ள சேது அண்ணா,

கால்பந்து மைதானத்துக் கேலரி முழுக்க உங்களை, வங்காளத்தில் அண்ணனைச் சொல்வதுபோல, சேதுதா என்றுதான் கூப்பிட்டது. எனக்கு மட்டும் அண்ணா. உங்களைப் பவானிபூர் வீட்டிலிருந்து கிளப் கொடி போர்த்திக் கொண்டுபோய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. எங்கள் தெரு முனைச் சுவரில் உங்கள் முகத்தை வரைந்திருக்கிறார்கள். மீசை கொஞ்சம் அதிகம். பார்த்தால் சிரித்திருப்பீர்கள்.

அழவேண்டிய நேரத்தில் நான் பயந்துகொண்டிருக்கிறேன் அண்ணா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் கிளப்புக்கு மேட்ச். அந்தப் பெனால்டியை நீங்கள் தடுத்தது எழுபதாவது நிமிடத்தில் அல்லவா? அதே நிமிடத்தில், உங்கள் கோலுக்குப் பின்னால் இருந்த கேலரியில் அத்தனை பேரும் உங்கள் பெயரைச் சொல்லி ஒன்றாகக் குதிக்கப் போகிறார்களாம். அதுதான் அஞ்சலி. முதல் வரிசையில் நின்று டிரம் அடிக்கப்போவது என் மகள் மீனு.

அதே மரப்பலகைக் கேலரி. பச்சை பெயிண்ட் மட்டும் புதுசு.

நேற்று கரியாஹாட்டில் வங்கி வேலை முடிந்ததும் பஸ் பிடித்து மைதானத்துக்குப் போனேன். நான்காவது வரிசையில் காலை வைத்து அழுத்தினேன். பலகை அமுங்கிக் கிரீச்சிட்டது. கிளப் ஆபீஸில் இருந்தவரிடம் சொன்னேன். "அது எப்பவும் அப்படித்தான் சத்தம் போடும், மாஷிமா" என்று, தன் சித்தியைச் சமாதானப்படுத்துவதுபோலச் சிரித்தார்.

மீனுவிடம் சொன்னால், "அம்மா, ப்ளீஸ்! எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்காத. நீ எதுக்குத்தான் பயப்படல?" என்கிறாள்.

நியாயமான கேள்விதான். எஸ்கலேட்டர், மெட்ரோ நெரிசல், பூஜைப் பந்தல் கூட்டம், எல்லாவற்றுக்கும் எனக்குப் பயம். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. முழங்கால் தழும்பு சைக்கிளில் விழுந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. நீங்கள் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளியதும் கேலரியே எழும்பிக் குதித்தது. எங்கள் பலகை முறிந்தது. அப்பாவின் கை நழுவி, கால் பலகைகளுக்கு நடுவே மாட்டி, மேலே ஆட்கள் சரிய, "அப்பா, வலிக்குதுப்பா" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அது எப்படி உங்கள் காதில் விழுந்தது? எதிரணி கார்னர் அடிக்கப் பந்தை வைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் கோலை அப்படியே விட்டுவிட்டு வேலிக்கு ஓடி வந்தீர்கள்.

"அசையாத கண்ணு, நான் இருக்கேன்" என்றீர்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கீழே அழுத்திக் காட்டி, "போஷோ! ஷொபாய் போஷோ!", எல்லோரும் உட்காருங்கள் என்று, தொண்டை கிழியக் கத்தினீர்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். என்னை வெளியே இழுத்தார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால், காலிக் கோலுக்குள் பந்து போனது.

அந்த ஒரு கோலில் தோற்றோம். யாரோ விழுந்ததற்காகக் கோலை விட்டு வருவானா என்று உங்களைத் திட்டாதவர்கள் இல்லை. விலைபோய்விட்டான் என்று சுவரில் எழுதினார்கள். அப்பா வாயே திறக்கவில்லை. என்னிடம், "நம்மாலதான் தோத்தோம்னு தெரிஞ்சா தெருவுல தலைகாட்ட முடியாது. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். நானும் விடவில்லை. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

எத்தனையோ வருஷம் கழித்து மருந்துக்கடையில் பார்த்தபோது நீங்களே கேட்டீர்கள்: "காலு சரியாப் போச்சாம்மா?" நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எனக்கும் பயம்தான். கோல விட்டு வந்ததும் காலு வெடவெடன்னு ஆடிச்சு. அதுக்காக வராம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு போய்விட்டீர்கள்.

இப்போது போஸ்டர்களில் அந்தப் பெனால்டி மட்டும்தான். விட்ட கோலை எல்லோரும் நாசூக்காக மறந்துவிட்டார்கள். அதோடு பலகை முறிந்ததையும் மறந்ததால்தான் குதிக்கப் போகிறார்கள்.

மீனுவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சாயங்காலம் அவள் வந்ததும் இதை நானே படித்துக் காட்டுவேன். வங்காள மொழியில் எழுதி அவர்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வேன். போடுவாளா? "அன்னிக்குத் தோத்தது உங்கம்மாவாலயா?" என்று யாராவது கேட்டால் என்ன செய்வாள்? என் முகத்தில் முழிப்பாளா?

அவள் போடாவிட்டாலும் சரி. எழுபதாவது நிமிடத்துக்கு முன்பே, நீங்கள் நின்ற அதே வேலியருகே போய், மேட்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேலரியைப் பார்த்து நிற்பேன். இரண்டு கைகளையும் கீழே அழுத்திக் காட்டுவேன். குரல் எழும்பாவிட்டால்? யாருமே உட்காராவிட்டால்? தெரியவில்லை அண்ணா. கால் வெடவெடவென்று ஆடத்தான் போகிறது. ஆனாலும் வருவேன்.

நீங்கள் கோலை விட்டு வந்து காப்பாற்றிய தங்கை,
வசந்தா