பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே வசனம்

போடிநாயக்கனூர்,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் பவதாரணிக்கு அம்மா எழுதுவது. பரமசிவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனாலும் மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டிவிட்டு வந்தால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார், தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது. ஏலக்காய்க் கடையில் காய் வரத்து அதிகம், பொறுக்கிப் பொறுக்கி என் விரலெல்லாம் அதே வாசம், ரசம் சோறு பிசைந்தாலும் பாயசம் மாதிரி மணக்கிறது. நீ ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிறாய் என்று உன் குரலை வைத்தே எனக்குத் தெரியும், அது நல்லதில்லை தங்கம். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். போனில் சொன்னால் ஒன்று சிரிப்பாய், இல்லை பயந்துபோய் லீவு போட்டுவிட்டுக் கிளம்புவாய். எழுதினால்தான் எனக்கும் நடந்தது வரிசையாக வரும்.

நீ விண்ணப்பம் போட்டுக் கொடுத்த அஞ்சல்வழி பி.ஏ. தமிழுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒழுங்காகத்தான் போகிறேன். இந்தப் பருவத்தில் நாடக இலக்கியம் என்று ஒரு தாள். நடத்துகிறவர் இனியவன் சார், உன் வயதுதான் இருக்கும். நாடகத்தைக் கதை மாதிரி மனசுக்குள் படித்தால் பாதிதான் கிடைக்கும் என்று சொல்லி, ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். அதில் ஒரு ஓரங்க நாடகம். வெளியூர் போய்த் திரும்பாத புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள், ஒரு சாயங்காலம் வாசல் கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ வந்து நின்று கூப்பிடுகிறார்கள், அவள் கதவைத் திறக்காமலே பேசுகிறாள். புத்தகத்தில் அவள் பேசுவது மட்டும்தான் இருக்கிறது, வெளியே நிற்கிறவர் பேசும் இடமெல்லாம் வெறும் புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறது. அந்தப் புள்ளியையும் படிக்க வேண்டும், அவர் பேசி முடிக்கிற நேரம் விட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்றார் சார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து, யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்க என்று ஒரே ஒரு வசனம் கேட்பாள். இவள் காத்துகிட்ட என்பாள், பிறகு கதவைப் பார்த்து, நான் வரல, நீங்க போங்க என்பாள், அதோடு நாடகம் முடிந்தது. ஒரு வரிக்காக எதற்கு ஒரு ஆள் என்று நான்தான் எழுந்து கேட்டேன். அந்தப் பொம்பளை வருகிறவரை நாமும் அவளோடு கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம், வீடு வாசல் என்று ஒரு உலகம் இருப்பதே அந்த ஒரு வரியில்தான் ஞாபகம் வருகிறது, அவள் வராவிட்டால் இந்த நாடகம் முடியாது என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

காத்திருக்கிறவள் வேஷத்தை அமுதவள்ளிக்குக் கொடுத்தார். மலையடிவாரத்துக் குரங்கணியிலிருந்து வருகிற பிள்ளை, என் பக்கத்தில்தான் உட்காரும், அதிகம் பேசாது. பக்கத்து வீட்டுக்காரியாக நான். அமுதவள்ளி முதல் வரியைப் படித்துவிட்டுப் புள்ளி வந்த இடத்தில் நிறுத்தியது. எல்லோரும் மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டு நிற்போமே, அப்படி இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றது. ஒரு இடத்தில் லேசாகச் சிரித்தது, இன்னொரு இடத்தில் சரி சரி என்று தலையாட்டியது. அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆனாலும் அதன் காதோரத்து முடி மட்டும் யாரோ கிட்டத்தில் பேசினால் அசைவது போல அசைந்தது, நான் ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன். பிறகு என் வசனத்துக்கே இடம் விடாமல், இருங்க, வர்றேன் என்று முடித்துவிட்டது. புத்தகத்தில் வரல என்றுதானே போட்டிருக்கிறது என்று சார் கேட்டார். அதற்கு, “அவரு வேற மாதிரி கேக்குறாரு சார்” என்றது. வகுப்பே சிரித்தது, சாரும் நடிப்பென்றால் இதுதான் என்று பாராட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் அமுதவள்ளி வகுப்புக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல், அப்பா எஸ்டேட்டுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு நானும் ஜீப்பில் ஏறிக் குரங்கணியில் இறங்கிக்கொண்டேன், திரும்பும்போது கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அதன் மாமியார் ஆயம்மாள்தான் இருந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அமுதவள்ளியின் புருஷன் ராமர் நாலு வருசத்துக்கு முன் ஜீப்பு கிடைக்காமல் காட்டு வழியாகவே எஸ்டேட்டுக்கு ஏறிப் போயிருக்கிறான், வழியில் மூடுபனி இறங்கியிருக்கிறது, ஆள் அங்கேயும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. தேடாத இடமில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் காரியம் செய்ய விடமாட்டேன், தாலியில் கை வைக்க விடமாட்டேன் என்று இந்த அம்மாதான் பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். இப்போது அவர்களே என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாயங்காலமானாப் பின்வாசலப் பாத்துப் பேசுறா ஆத்தா. பாடம் படிக்கிறேங்கிறா. பொஸ்தகம் மூடித்தான் கெடக்கு” என்றார்கள். மூலையில் ஒரு கம்பளியும் ரெண்டு சேலையும் மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைக் காட்டினார்கள்.

அந்தப் பிள்ளை ஓடையில் துணி அலசிவிட்டு வந்தது, வாங்கக்கா என்று சாதாரணமாகத்தான் சிரித்தது, காப்பி போட்டுக் கொடுத்தது. வெளிச்சம் மங்குகிற நேரம் மலையிலிருந்து பனி இறங்கி முற்றத்து முருங்கையை மறைத்துவிட்டது. அமுதவள்ளி தலையைச் சீவி முடிந்துகொண்டு பின்கதவுக்கு நேரே போய் நின்றது. யாரு என்று ஆரம்பித்தது, அதே நாடகம், அதே வரிசை. முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அது நிறுத்திய இடங்களில் கதவிடுக்கு வழியாகக் குளிர் வந்தது. அதோடு, அடுத்த வீட்டில் ஆம்பளை பேசினால் சுவருக்கு இந்தப்பக்கம் வார்த்தை புரியாமல் ராகம் மட்டும் கேட்குமே, அப்படி ஒன்று கேட்டது. ஆயம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அமுதவள்ளி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தது. நான் எழுந்து போய்ப் பிடிப்பதற்குள் திறந்துவிடும் என்று தோன்றியது பவதாரணி. வேறு என்ன செய்ய என்று தெரியாமல் என் வசனத்தைச் சொன்னேன்.

“யாருகிட்டடி பேசிக்கிட்டு இருக்க?”

புத்தகத்தில் அந்த டி கிடையாது, பயத்தில் வந்துவிட்டது. அது திரும்பி என்னைப் பார்த்தது, நான் எப்போது வந்தேன் என்றே தெரியாதது மாதிரி பார்த்தது. பிறகு, காத்துகிட்ட என்றது. தாழ்ப்பாளிலிருந்து கை இறங்கியது. அப்புறம் கதவில் நெற்றியை வைத்து, “நான் வரல. நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு அப்படியே அழுதது.

வெளியே ஈரச் சருகில் யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது. ஒரு காலுக்குச் செருப்பு அடிக்கிறது, மறு காலுக்குச் சத்தமில்லை. அப்படியே மேட்டைப் பார்த்து ஏறிப் போய்த் தேய்ந்துவிட்டது. நான் என்ன ஏது என்று விழிக்கும்போதே ஆயம்மாள் தரையில் உட்கார்ந்து, “அன்னைக்குத் தேடுனப்ப ஓடைக்கிட்ட ஒத்தச் செருப்புதான் ஆத்தா கெடச்சுச்சு. எம்புள்ள போயிட்டான்” என்று அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்கள். அப்பா வந்து கேட்டுவிட்டு, காட்டு மான் ஜாதி, கேளையாடு ஏதாவது நடந்திருக்கும் என்றார். இருக்கட்டும். ஆனால் வீடு வந்து சேருகிறவரை அவரும் ஜீப்பில் பாட்டுப் போடவில்லை.

அடுத்த அமாவாசைக்குக் கொட்டகுடி ஆற்றங்கரையில் காரியம் செய்தார்கள், நாங்களும் போயிருந்தோம். அமுதவள்ளி மறுபடி வகுப்புக்கு வர ஆரம்பித்தது, முகம் தெளிந்திருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொள்கிறது. சாரிடம் நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் பரீட்சை. வெளியே நிற்பவர் என்ன பேசியிருப்பார், உம் கற்பனையில் எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதினேன். வெளியே வந்து நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன் என்றது. தெரிந்த கேள்வியை ஏன் விட்டாய் என்று கேட்டேன். பஸ்சு ஏறும்போதுதான், “அது அவரு எங்கிட்ட மட்டும் சொன்னது அக்கா” என்றது.

வேறொன்றும் விசேஷமில்லை. பட்டினியாகப் படுக்காதே, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டாமல் வெளியே போகாதே. புதன்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள், அவர் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பார், மறக்காமல் கூப்பிடு. பரமசிவன் உன்னைக் கண்ணை இமை காப்பது போலக் காக்கட்டும், நீ தொட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
பா. கற்பகம்