சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

விஜயதசமி, இரவு.

தியாகதுருகத்தில் செல்வியின் ஜெராக்ஸ் கடைக்கு ரிப்பேர் பார்க்கப் போனேன். கணவன் இறந்தபின் அவள்தான் கடையை நடத்துகிறாள். பழைய கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. நேற்று ஆயுத பூஜைக்கு அவளே பொட்டு வைத்தாளாம்.

"தாலியறுத்தவ வச்சா இன்னா வெளங்கும்னு மாமியா திட்டிக்கினே இருக்காங்கண்ணா. நான் வச்சதாலயா?"

பெட்டியைத் திறந்தேன். உள்ளேயும் பொட்டு வைத்திருந்தாள். ரேம் அட்டை செருகும் இடத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது. சுரண்டி எடுத்து, ரேமை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். திரை வந்தது.

"வெறும் தூசிம்மா" என்றேன், பின்னறையில் இருந்த மாமியாருக்கும் கேட்கும்படி.

யார் வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் சந்தனம் என்று சொன்னால் அந்த அம்மாள் காதில் அது அப்படி விழாது.

அடுத்த வருஷமும் உள்ளே வைப்பாள். வைக்கட்டும். போய்த் துடைத்துவிட்டு வருகிறேன்.